ஐபிஎம் ஐ கணினியில் ஜாப் எதிர்பாராமல் நின்றால்: காரணம் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

நள்ளிரவு தாண்டி நின்றுபோன ஒரு பேட்ச் ஜாப்பை (திரையில் ஆள் இல்லாமல் தானாக ஓடும் வேலையை), அது ஏன் நின்றது என்று பார்க்காமல் மறுபடியும் மறுபடியும் ஓட விட்டதால் விளைந்த சேதத்தை நான் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் சரக்கிருப்புப் பதிவு ஜாப் அது. அன்றைய விற்பனைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இருப்புக் கோப்பில் கழித்து, கழித்ததற்குச் சான்றாக வரலாற்றுக் கோப்பில் ஒரு பதிவை எழுதுவதே அதன் வேலை. பாதி வழியில் அது நின்றது. இரவுப் பணியாளர் இரண்டு முறை மீண்டும் சமர்ப்பித்தார். இரண்டு முறையும் அது முதல் சீட்டிலேயே விழுந்தது. பிறகு யாரோ வரலாற்றுக் கோப்பின் அளவைக் கூட்டிவிட, நான்காவது ஓட்டம் கடைசி வரை சென்று, இயல்பாக முடிந்தது என்ற செய்தியையும் தந்தது. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை கிடங்கில் எண்ணியபோது இருப்பு ஒத்துப்போகவில்லை, ஏனென்றால் முதல் ஓட்டத்தில் கழிக்கப்பட்ட அத்தனை சீட்டுகளும் நான்காவது ஓட்டத்தில் இன்னொரு முறை கழிக்கப்பட்டிருந்தன. கணக்கைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. காரணமோ முதல் ஓட்டத்தின் ஜாப்லாகில், அதாவது அந்த ஜாப்பின் செய்திப் பதிவேட்டில், ஒரே வரியில், தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

இந்த வழிகாட்டி ஏஎஸ்400 என்ற பெயரில் 1988 ஜூன் மாதம் அறிமுகமாகி, பின்னர் ஐசீரீஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி, 2008 முதல் ஐபிஎம் ஐ என்று அழைக்கப்படும், ஐபிஎம் நிறுவனத்தின் வணிகக் கணினி அமைப்பைப் பற்றியது. வேறு பல அமைப்புகளில் ஒரு வேலை செத்துப்போனால் அது ஏன் செத்தது என்பதை ஊகிக்க வேண்டியிருக்கும். இங்கே, நாம் கெடுக்காத வரை, சாட்சியம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே மீண்டும் ஓட விடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்: ஜாப் தானாக விழுந்ததா, அல்லது யாராவது, ஏதாவது நிறுத்தியதா? எந்தச் செய்தியில் அது தொடங்கியது?

கட்டளைகளின் பெயரைப் பற்றி ஒரு சொல். இங்கே அவற்றை வாயால் சொல்லும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது டிஸ்ப்ளே என்பது டி-எஸ்-பி, வொர்க் என்பது டபிள்யூ-ஆர்-கே, சேஞ்ச் என்பது சி-எச்-ஜி என்று மூன்றெழுத்தாகச் சுருங்கும். வினையும் பொருளும் சேர்ந்து கட்டளை ஆகும் இந்த முறை ஒருமுறை பிடிபட்டுவிட்டால், தெரியாத கட்டளையின் பெயரைக்கூட நீங்களே ஊகித்துவிடலாம். எஃப்4 விசை மற்றதைச் சொல்லும்.

படி 1: நின்றது எந்த ஜாப் என்பதை உறுதி செய்தல்

ஒவ்வொரு ஜாப்புக்கும் மூன்று பகுதிகள் கொண்ட பெயர் உண்டு: ஆறு இலக்க எண், பயனர் பெயர், ஜாப் பெயர். தினமும் ஒரே பெயரில் ஓடும் ஜாப்புக்கு ஆறு இலக்க எண்தான் அடையாளம். புகார் சொல்பவர் வழக்கமாக ஜாப் பெயரை மட்டும்தான் சொல்வார். அந்தப் பெயரில் நேற்று இரவு மட்டும் நான்கு ஜாப்கள் ஓடியிருக்கலாம், எங்கள் சரக்கிருப்பு ஜாப்பைப் போல. தவறான எண்ணின் ஜாப்லாகைப் படித்துவிட்டுத் தவறான முடிவுக்கு வருவது நான் அடிக்கடி காணும் பிழை.

எண் தெரியாதபோது வொர்க்-ஜாப் கட்டளையில் பெயரைக் கொடுத்தால், ஒன்றுக்கு மேல் இருந்தால் பட்டியல் வரும். ஸ்பூல் கோப்பு (அச்சுக்காகக் காத்திருக்கும் வெளியீடு) எதையும் விட்டுவைக்காமல் முடிந்த ஜாப் அந்தப் பட்டியலில் வராது. அப்போது க்யூஎச்எஸ்டி என்ற வரலாற்றுப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். டிஸ்ப்ளே-லாக் கட்டளையில் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் கொடுத்து, செய்தி எண்ணாக சிபிஎஃப் 1100 என்று கொடுங்கள். கடைசி இரண்டு இலக்கமும் பூச்சியமாக இருந்தால், 11 என்று தொடங்கும் எல்லாச் செய்திகளையும் அமைப்பு எடுத்துத் தரும். அவற்றில் சிபிஎஃப் 1124 ஜாப் தொடங்கியதையும், சிபிஎஃப் 1164 ஜாப் முடிந்ததையும் குறிக்கும். எஸ்கியூஎல் பழகியவர்கள் க்யூசிஸ்2 லைப்ரரியில் உள்ள ஹிஸ்டரி லாக் இன்ஃபோ என்ற செயற்கூற்றைக் கொண்டு இதே தகவலை அட்டவணையாகவே எடுத்துக்கொள்ளலாம். பல நாள் பதிவுகளை ஒப்பிட அதுதான் வசதி.

படி 2: முடிவுக் குறியீட்டைப் படித்தல்

சிபிஎஃப் 1164 செய்தியின் கடைசியில், ஜாப் எடுத்துக்கொண்ட செயலி நேரத்துக்குப் பின்னால், ஒரு முடிவுக் குறியீடு இருக்கும். பலர் அந்தச் சிறிய எண்ணைக் கவனிப்பதே இல்லை. மொத்த விசாரணையும் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

0 என்றால் இயல்பான முடிவு. 10 என்றால், ஜாப்பையோ, ஜாப்கள் ஓடும் சூழலான சப்சிஸ்டத்தையோ கட்டுப்பாடான முறையில் நிறுத்தச் சொன்னபோது ஜாப் ஒழுங்காக முடித்துக்கொண்டது. 20 என்றால், ஜாப்புக்கு வகுத்திருந்த முடிவுத் தீவிர அளவை ஒரு பிழை எட்டிவிட்டது. இந்த அளவு ஜாப் டிஸ்கிரிப்ஷனில் (ஜாப்பின் பண்புகளை வகுத்து வைத்திருக்கும் பொருளில்) பொதுவாக 30 ஆக இருக்கும். எஸ்கேப் வகைச் செய்திகள் (பிழையால் புரோகிராமைப் பாதியில் முறிப்பவை) பெரும்பாலும் 40 தீவிரத்துடன் வருவதால், புரோகிராம் கோளாறால் விழும் சாதாரண பேட்ச் ஜாப் பெரும்பாலும் 20 என்றே காட்டும். 30 என்றால் ஜாப் முறையின்றி முடிந்தது. 40 என்றால் அது செயல்படத் தொடங்கும் முன்னரே, அதாவது வரிசையில் காத்திருந்தபோதே, நீக்கப்பட்டது. 50 என்றால் ஓடிக்கொண்டிருந்தபோது முடிக்கப்பட்டது. 60 சப்சிஸ்டம் முறையின்றி முடிந்ததையும், 70 முழு அமைப்புமே முறையின்றி நின்றதையும் குறிக்கும். 80, 90 ஆகிய இரண்டும் எண்ட்-ஜாப்-ஏபிஎன் என்ற வலுக்கட்டாயக் கட்டளையோடு தொடர்புடையவை.

இதை என் அனுபவத்தில் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: 20 வந்தால் புரோகிராமையும் தரவையும் பாருங்கள், 50 வந்தால் மனிதரையும் நேர அட்டவணையையும் பாருங்கள், 60, 70 வந்தால் அந்த ஜாப்பை விட்டுவிட்டு அமைப்பைப் பாருங்கள். 50 என்று காட்டும் ஜாப்பின் மூல நிரலை நாள் முழுக்க அலசுவது வீண்.

0 என்று வந்துவிட்டதாலேயே வேலை சரியாக நடந்தது என்றும் நம்பிவிடக் கூடாது. சிஎல் (இந்த அமைப்பின் கட்டளை மொழி) புரோகிராமில் தொடக்கத்திலேயே சிபிஎஃப் 0000 என்று பொதுவாக ஒரு மானிட்டர் மெசேஜ் வரியை எழுதிவைத்திருந்தால், உள்ளே எந்தப் பிழை நேர்ந்தாலும் அது விழுங்கப்பட்டு, ஜாப் இயல்பாக முடிந்ததாகவே காட்டும். வேலை நடக்கவில்லை என்று பயனர் சொல்லும்போது குறியீடு 0 என்றால், முதல் சந்தேகம் இந்த வரியின் மீது விழட்டும்.

படி 3: ஜாப்லாகைத் தேடி எடுத்தல்

இனி வருவது ஜாப்லாக். முடிந்த ஜாப்பின் வொர்க்-ஜாப் திரையில் 4 என்ற தெரிவு ஸ்பூல் கோப்புகளைக் காட்டும்; அவற்றில் க்யூபிஜாப்லாக் என்பதுதான் நமக்கு வேண்டியது. தானியங்கித் துப்புரவு இயங்கும் அமைப்புகளில் இவை க்யூஈஇஸட்ஜாப்லாக் என்ற அவுட்புட் க்யூவில் சேரும். துப்புரவு அமைப்பை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் 7 நாளில் அவை அழிக்கப்படும். ஆகவே வாரக்கணக்கில் கழித்து வரும் புகாருக்கு ஜாப்லாக் கிடைக்காமல் போவது இயல்பு. கிடைத்தவுடனே அதை வேறு க்யூவுக்கு மாற்றி வையுங்கள், அல்லது கோப்பாகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பூல் கோப்பே இல்லாதபோது மனம் தளர வேண்டாம். ஜாப்லாக் நிலுவையில் வைக்கும்படி அமைப்பின் க்யூலாக்அவுட்புட் மதிப்போ ஜாப்பின் பண்போ வகுக்கப்பட்டிருந்தால், அது அச்சுக்கு எழுதப்படாமல் அமைப்புக்குள்ளேயே இருக்கும்; வொர்க்-ஜாப்லாக் கட்டளை அவற்றைத் தேடித் தரும், டிஸ்ப்ளே-ஜாப்லாக் படித்துக் காட்டும். அதுவும் இல்லையென்றால் ஜாப்பின் லாக் பண்பைப் பாருங்கள். வழக்கமான க்யூடிஎஃப்டிஜாப்டி டிஸ்கிரிப்ஷன் 4, 0, *நோலிஸ்ட் என்ற மதிப்போடு வருகிறது. இதன் பொருள், முடிவுக் குறியீடு 20-ஐ எட்டினால் மட்டுமே ஜாப்லாக் எழுதப்படும், இயல்பாக முடிந்தால் எழுதப்படாது என்பதாகும். மேலே சொன்ன, பிழையை விழுங்கி 0 என்று முடியும் ஜாப்புக்குச் சாட்சியமே எஞ்சாமல் போவது இதனால்தான். முதல் எண்ணை யாராவது 0 ஆக்கி வைத்திருந்தால் எதுவுமே பதிவாகாது; இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து இப்படிச் செய்தவர்களைக் கண்டிருக்கிறேன், அது மிகவும் தவறான சிக்கனம்.

படி 4: ஜாப்லாகைப் படிக்கும் முறை

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் அல்லது நிலுவையில் உள்ள ஜாப் என்றால், டிஸ்ப்ளே-ஜாப்லாக் திரையில் எஃப்10 அழுத்திய பிறகுதான் முழு விவரமும் தெரியும். அதை அழுத்தாமலேயே ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுபவர்கள் பலர். எஃப்18 கடைசிக்குக் கொண்டுபோகும். ஒரு செய்தியின் மீது நிறுத்தி எஃப்1 அழுத்தினால் இரண்டாம் நிலை விளக்கம் வரும். அங்கே எஃப்9 அழுத்தினால் எந்தப் புரோகிராமின் எந்த வரியிலிருந்து, எந்தப் புரோகிராமுக்குச் செய்தி அனுப்பப்பட்டது என்பது தெரியும்.

கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஆனால் கீழே முதலில் தென்படும் பிழையோடு நின்றுவிடாதீர்கள். கடைசிச் செய்தி விளைவு மட்டுமே. காரணம் அதற்குப் பல வரிகள் மேலே இருக்கும். ஆர்பிஜி மொழியின் ஐஎல்இ வகையில் எழுதிய புரோகிராம் ஒன்று கெட்ட எண்ணைச் சந்தித்து விழும் காட்சியை எடுத்துக்கொள்வோம். முதலில் எம்சிஎச் 1202, தசம எண் பிழை, எஸ்கேப் வகையில் எழும். அதைப் பிடிக்க யாரும் இல்லாததால் சிபிஎஃப் 9999 என்ற ஃபங்ஷன் செக் வரும். பிறகு ஆர்பிஜி, ஆர்என்க்யூ 0907 என்ற கேள்விச் செய்தியை எழுப்பும். அந்தக் கேள்விக்கு சி, அதாவது கைவிடு, என்ற பதில் பதிவாகியிருக்கும். அடுத்து, பயன்பாட்டுப் பிழை என்று சொல்லும் சிஈஈ 9901, அழைத்த புரோகிராமுக்குச் செல்லும். அழைத்தது சிஎல் என்றால் அது தன் பங்குக்கு சிபிஏ 0701 அல்லது 0702 என்ற கேள்வியை எழுப்பும், அதற்கும் சி என்று பதில். இவ்வளவுக்கும் பிறகே ஜாப் முடிந்தது என்ற வரி. உதவி கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் சிஈஈ 9901 வந்தது என்றோ சிபிஎஃப் 9999 வந்தது என்றோ சொல்கிறார்கள். அந்த இரண்டும் காய்ச்சல் என்பது போன்றவை. நோயின் பெயர் எம்சிஎச் 1202.

எஸ்கேப் செய்திக்கு மேலே டயக்னாஸ்டிக் வகைச் செய்திகள் இருந்தால் அவற்றைத் தவறாமல் படியுங்கள். எஸ்கேப் பிழை நேர்ந்ததை மட்டும் சொல்லும். எதனால் என்பதைப் பெரும்பாலும் டயக்னாஸ்டிக்தான் சொல்லும். கட்டளையில் பிழை என்று மட்டும் சொல்லும் சிபிஎஃப் 0001 அல்லது 0006-க்கு மேலே சிபிடி என்று தொடங்கும் வரியில், எந்த மதிப்பு தவறு என்பது எழுதியிருக்கும்.

கேள்விச் செய்திக்கு சி என்ற பதிலைத் தந்தது யார் என்பதையும் பாருங்கள். இரவில் விழித்திருந்த ஆபரேட்டர் க்யூசிஸ்ஓபிஆர் மெசேஜ் க்யூவில் பார்த்துத் தந்திருக்கலாம். யாரும் தராமல் தானாகவும் போயிருக்கலாம்: ஜாப்பின் கேள்விப் பதில் பண்பு *டிஎஃப்டி என்று இருந்தால், செய்தியின் இயல்புப் பதில் உடனடியாகப் போய்விடும், *சிஸ்ஆர்பிஒய்எல் என்று இருந்தால் அமைப்பின் பதில் பட்டியல் தீர்மானிக்கும். எங்கள் சரக்கிருப்பு ஜாப்பை முடித்தது இப்படி ஒரு தானியங்கிப் பதில்தான். யாரும் எதையும் தொடவில்லை என்று இரவுப் பணியாளர் சொன்னது உண்மையே.

படி 5: குறியீடு 50 என்றால், நிறுத்தியது யார்

எண்ட்-ஜாப் கட்டளையால் முடிக்கப்பட்ட ஜாப்பின் ஜாப்லாகிலும் க்யூஎச்எஸ்டியிலும், எந்தப் பயனர் முடித்தார் என்பதைச் சொல்லும் செய்தி வழக்கமாக இருக்கும். பெயர் கிடைத்தவுடன் அந்த மனிதரிடம் ஓட வேண்டாம். அந்தப் பயனர் பெயரில் ஓடிய வேறொரு தானியங்கி ஜாப் கட்டளையை இட்டிருக்கலாம். இரவு சேமிப்புக்கு முன்பாக எண்ட்-எஸ்பிஎஸ் கட்டளையால் சப்சிஸ்டத்தை மூடும் சிஎல் புரோகிராம் இல்லாத நிறுவனம் அரிது. மாதக் கடைசியில் நீண்டுபோகும் ஒரு ஜாப் அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால், சேமிப்பு புரோகிராம் அதை வெட்டிவிடும். மாதத்தில் ஒரு நாள் மட்டும், ஏறத்தாழ ஒரே மணிக்கு நிற்கும் ஜாப்புக்கு இதுவே பெரும்பாலும் விடை. டிஸ்ப்ளே-லாகில் அதே நிமிடத்தில் முடிந்த மற்ற ஜாப்களையும் பாருங்கள். பல ஜாப்கள் ஒரே விநாடியில் 50 என்று முடிந்திருந்தால் மூடப்பட்டது சப்சிஸ்டம்.

உறுதியான சாட்சியம் தேவைப்படும் இடங்களில் தணிக்கை ஜர்னல் (நிகழ்வுகளை வரிசையாகப் பதியும் ஏடு) உதவும். க்யூஏயுடிஎல்விஎல் மதிப்பில் *ஜாப்டிடிஏ சேர்க்கப்பட்டிருந்தால், ஜாப் தொடங்குவதும் முடிவதும் க்யூஏயுடிஜேஆர்என் ஜர்னலில் ஜேஎஸ் வகைப் பதிவுகளாக விழும். காப்பி-ஏயுடிஜேஆர்என்ஈ கட்டளை அவற்றைப் படிக்கத்தக்க கோப்பாக்கித் தரும். பதிவுகளின் எண்ணிக்கை மிகப் பெரிதாகும் என்பதால், ஜர்னல் ரிசீவர்களுக்கான வட்டு இடத்தைக் கணக்கிட்டபின் இதைத் தொடங்குங்கள்.

படி 6: அடிக்கடி அகப்படும் காரணங்கள்

கோப்பு நிறைந்துபோவது முதலாவது. கிரியேட்-பிஎஃப் கட்டளையில் அளவைக் குறிப்பிடாமல் விட்டால், கோப்பு 10,000 பதிவுகளுக்கான இடத்தோடு பிறந்து, 1,000 பதிவுகள் வீதம் 3 முறை மட்டும் வளரும். ஆக 13,000-இல் நின்றுவிடும். 13,001-ஆவது பதிவை எழுதப் போகும்போது சிபிஏ 5305 என்ற கேள்வி எழும். ஐ என்று பதில் தந்தால் கோப்பு வளர்ந்து, ஜாப் எதுவும் நடக்காததுபோல் தொடரும். சி என்றால் விழும். எங்கள் வரலாற்றுக் கோப்புக்கு நேர்ந்தது இதுவே. அதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: நீக்கப்பட்ட பதிவுகளின் இடத்தை மறுபடி பயன்படுத்தும் பண்பு இல்லாத கோப்பில், நீக்கியவையும் இந்தக் கணக்கில் சேரும். கோப்பில் 4,000 பதிவுகள்தானே இருக்கின்றன, எப்படி நிறைந்தது என்று கேட்பவர்கள் டிஸ்ப்ளே-எஃப்டி காட்டும் நீக்கப்பட்ட பதிவு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஆர்ஜிஇஸட்-பிஎஃப்எம் கட்டளை அந்த இடத்தை மீட்கும். சேஞ்ச்-பிஎஃப் கட்டளையில் அளவை *நோமேக்ஸ் ஆக்கினால் எல்லை நீங்கும்.

எல்லாக் கோப்புகளையும் எல்லையின்றி விட்டுவிடலாமா, பதில் பட்டியலில் சிபிஏ 5305-க்கு ஐ என்று எழுதிவிடலாமா என்று கேட்கப்படுவதுண்டு. என் கருத்து, வளர்வதே இயல்பான வரலாற்றுக் கோப்புகளுக்கு எல்லை வேண்டாம். ஒரே நாள் தரவை மட்டும் தாங்கும் வேலைக் கோப்புகளுக்கு, நியாயமான அளவின் சில மடங்கில் எல்லை இருக்கட்டும். முடிவில்லாச் சுழற்சியில் சிக்கிய ஒரு புரோகிராம் எல்லையற்ற கோப்பில் எழுதத் தொடங்கினால், ஒரு ஜாப் விழுவதற்குப் பதிலாக முழு வட்டும் நிறையும்.

அடுத்தது மேலே கண்ட தசம எண் பிழை. எண் புலத்தில் வெற்றிடங்கள், அதாவது பதினாறடிமானத்தில் 40 என்ற மதிப்பு, நிரம்பியிருப்பதே இதற்கு வழக்கமான காரணம். வெளியிலிருந்து வந்த தட்டையான கோப்பை வடிவச் சரிபார்ப்பின்றி நகலெடுத்தபோது இது நுழைந்திருக்கும். விழுந்த பதிவை மட்டும் திருத்திவிட்டு ஓட விட்டால் அடுத்த கெட்ட பதிவில் மறுபடி விழும். ஆகவே கோப்பு முழுவதையும் சோதித்த பின்பே ஓட விடுங்கள்.

நேற்று வரை ஓடிய ஜாப் இன்று கோப்பைத் திறக்கும்போதே சிபிஎஃப் 4131 என்று விழுந்தால், யாரோ கோப்பின் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள், புரோகிராமை மறுபடி கம்பைல் செய்யவில்லை. இது லெவல் செக். அந்தச் சோதனையை அணைத்துவிட்டால் ஜாப் ஓடும் என்று ஒரு யோசனை யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். புலங்கள் இடம் மாறிய கோப்பில் பழைய புரோகிராம் எழுதத் தொடங்கினால் தரவே சிதைந்துவிடும்.

திரையில் ஓட்டினால் ஓடுகிறது, நேர அட்டவணையில் போட்டால் விழுகிறது என்ற புகாருக்கு லைப்ரரி லிஸ்ட்டை (கோப்புகளையும் புரோகிராம்களையும் தேடும் லைப்ரரிகளின் வரிசையை) பாருங்கள். கையால் சமர்ப்பிக்கும்போது உங்கள் லைப்ரரி லிஸ்ட் ஜாப்போடு போகிறது. அட்டவணையிலிருந்து தொடங்கும்போது ஜாப் டிஸ்கிரிப்ஷனில் உள்ளதுதான் கிடைக்கும். சிபிஎஃப் 4101, சிபிஎஃப் 9801 ஆகியவை இதன் அடையாளம். க்யூடெம்ப் லைப்ரரியும் ஒவ்வொரு ஜாப்புக்கும் தனித்தனியானது என்பதால், திரையில் உருவாக்கி வைத்த வேலைக் கோப்பு பேட்ச் ஜாப்புக்குத் தெரியாது. பயனர் மாறும்போது உரிமையும் மாறும். அதற்கு அடையாளம் சிபிஎஃப் 9802.

பூட்டுகளால் விழும் ஜாப்கள் மறுமுறை ஓட விட்டால் ஓடிவிடும் என்பதாலேயே கண்டுபிடிக்கப்படாமல் வருடக்கணக்கில் தொடர்கின்றன. பதிவுக்காகக் காத்திருக்கும் நேரம் கோப்பில் பொதுவாக 60 விநாடி. அதற்குள் மற்ற ஜாப் விடாவிட்டால் சிபிஎஃப் 5027 எழும், அதன் இரண்டாம் நிலை விளக்கத்தில் பதிவைப் பிடித்துவைத்திருந்த ஜாப்பின் முழுப் பெயரும் இருக்கும். பெரும்பாலும் அது, ஒரு வாடிக்கையாளர் விவரத்தைத் திருத்தத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போன ஒருவரின் திரையாக இருக்கும்.

படி 7: திரை ஜாப்களும் சர்வர் ஜாப்களும்

பயனர்களின் திரை தானாக மூடிக்கொள்கிறது என்றால் நான்கு சிஸ்டம் மதிப்புகளைப் பாருங்கள். க்யூஐஎன்ஏசிடிஐடிவி எத்தனை நிமிடம் சும்மா இருக்கலாம் என்பதையும், க்யூஐஎன்ஏசிடிஎம்எஸ்ஜிக்யூ அதன்பின் என்ன செய்வது என்பதையும் சொல்லும். துண்டிக்கப்பட்ட ஜாப் எவ்வளவு நேரம் கழித்து முடிக்கப்படும் என்பது க்யூடிஎஸ்சிஜாப்ஐடிவியில் இருக்கும். மாற்றாவிட்டால் 240 நிமிடம். இணைப்பு அறுந்தால் ஜாப்பை என்ன செய்வது என்பதை க்யூடெவ்ஆர்சிஒய்ஏசிஎன் தீர்மானிக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தும் குறிப்பிட்ட கிளை அலுவலகத்தில் மட்டும் திரைகள் அறுந்தால், இடையில் உள்ள ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். டிசிபி இணைப்பு உயிரோடு உள்ளதா என்று அமைப்பு தானாகச் சோதிக்கும் இடைவெளி மாற்றாவிட்டால் 120 நிமிடம். ஃபயர்வால் அதற்கு மிக முன்பாகவே சும்மா கிடக்கும் இணைப்பை மறந்துவிடும். சேஞ்ச்-டிசிபிஏ கட்டளையில் அந்த இடைவெளியைக் குறைத்தால் போதும்.

க்யூஇஸட்டிஏஎஸ்ஓஇனிட் போன்ற முன்தொடக்க ஜாப்கள் (கோரிக்கை வரும் முன்பே தொடங்கிக் காத்திருப்பவை) திடீரென மறைவதைக் கண்டு கலங்க வேண்டாம். அவை ஒவ்வொன்றும் வழக்கமாக 200 முறை சேவை செய்தபின் தாமாகவே முடிந்து, வேறொன்று அதன் இடத்துக்கு வரும். அவற்றின் பெயரில் க்யூயூசர் என்றே இருக்கும் என்பதால், எந்த ஜாப் எந்தப் பயனருக்காக உழைக்கிறது என்பதை அறிய, அந்தப் பயனர் புரொஃபைலின் மீது வொர்க்-ஆப்ஜ்-லாக் (இங்கே லாக் என்பது பூட்டு, எல்-சி-கே) கட்டளையைக் கொடுங்கள்.

படி 8: அமைப்பு முழுவதையும் பாதிப்பவை

பல ஜாப்கள் ஒன்றாக நின்றால் வட்டு இடத்தை முதலில் பாருங்கள். க்யூசிஸ்ஓபிஆரில் சிபிஎஃப் 0907 என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். எஞ்சிய இடம் க்யூஎஸ்டிஜிலோஎல்எம்டியில் சொன்ன அளவுக்கு, வழக்கமாக 5 விழுக்காட்டுக்கு, கீழே போனால், க்யூஎஸ்டிஜிலோஏசிஎன் சொல்லும் நடவடிக்கை நிகழும். அது *எண்ட்சிஸ் என்று வைக்கப்பட்டிருந்தால் எல்லா ஜாப்களும் முடிந்து, அமைப்பு கட்டுப்பாட்டு நிலைக்குப் போய்விடும்.

ஒரே ஜாப் மட்டும், பல மணி நேரம் ஓடிய பிறகு விழுகிறதா? அதன் மெசேஜ் க்யூ நிறைந்திருக்கலாம். சுழற்சிக்குள் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு செய்தியை அனுப்பும் புரோகிராமில் இது நேரும். க்யூஜாப்எம்எஸ்ஜிக்யூஎஃப்எல் மதிப்பு *நோரேப் என்று இருந்தால் நிறைந்தவுடன் ஜாப் முடியும். *ரேப் என்றால் பழைய செய்திகள் அழிந்து இடம் உண்டாகும், *பிஆர்டிரேப் என்றால் அழிப்பதற்கு முன் அச்சிடும். சாட்சியம் முக்கியம் என்பதால் மூன்றாவதையே நான் விரும்புகிறேன். அதோடு ஜாப்பின் கிளாஸில் செயலி நேர எல்லையோ தற்காலிக இட எல்லையோ யாராவது வகுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

எண்ட்-ஜாப்-ஏபிஎன் பற்றி ஓர் எச்சரிக்கை. எண்ட்-ஜாப்பை *இம்மெட் என்று கொடுத்து 10 நிமிடம் ஆன பிறகே அமைப்பு அதை ஏற்கும். ஏற்றபின் அடுத்த ஐபிஎல் (அமைப்பை மீண்டும் தொடங்குவது) முறையற்றதாகக் கருதப்படும். ஜாப் முடிய மறுக்கும்போது அது உண்மையில் பெரிய ரோல்பேக் ஒன்றை, அதாவது உறுதி செய்யப்படாத மாற்றங்களைத் திரும்பப் பெறும் வேலையை, செய்துகொண்டிருக்கக்கூடும். வொர்க்-ஜாப் திரையில் கமிட்மென்ட் நிலையைப் பார்த்துவிட்டுக் காத்திருங்கள்.

படி 9: மீண்டும் ஓட விடுதல்

காரணம் தெரிந்த பிறகும் உடனே சமர்ப்பிக்க வேண்டாம். ஜாப் கமிட்மென்ட் கன்ட்ரோலின் கீழ் ஓடியதா என்பதே அடுத்த கேள்வி. ஓடியிருந்தால், உறுதி செய்யப்படாத மாற்றங்களை அமைப்பு முடிவிலேயே திரும்பப் பெற்றிருக்கும். கடைசி கமிட் எங்கே என்று பார்த்து அங்கிருந்து தொடரலாம். அது இல்லாமல் ஓடியிருந்தால், எழுதியது எழுதியதே. எந்தப் பதிவு வரை வேலை முடிந்தது என்பதைத் தரவிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். கோப்பு ஜர்னல் செய்யப்பட்டிருந்தால், டிஸ்ப்ளே-ஜேஆர்என் கட்டளையில் நின்றுபோன ஜாப்பின் முழுப் பெயரைக் கொடுத்து, அது மாற்றிய ஒவ்வொரு பதிவையும் வரிசையாக எடுக்கலாம். ரிமூவ்-ஜேஆர்என்-சிஎச்ஜி கொண்டு பின்வாங்கவும் முடியும், ஆனால் இடையில் வேறு ஜாப் அதே பதிவுகளைத் தொட்டிருக்கவில்லை என்பதை உறுதி செய்த பின்பே.

காரணம் இன்னும் தெளிவாகவில்லை என்றால், சோதனைச் சூழலில் ஜாப்பை ஹோல்டு நிலையில் சமர்ப்பித்து, ஸ்டார்ட்-எஸ்ஆர்வி-ஜாப் மூலம் அதைப் பிடித்து, ஸ்டார்ட்-டிபிஜி கொடுத்து விடுவித்தால், வரி வரியாக நிறுத்திப் பார்க்கலாம். உற்பத்திச் சூழலில் இதைச் செய்தால், நீங்கள் நிறுத்திப் பார்க்கும் நேரம் முழுவதும் பூட்டுகள் பிடிபட்டிருக்கும்.

படி 10: அடுத்த முறைக்கான ஏற்பாடு

முக்கியமான பேட்ச் ஜாப்களுக்குத் தனி ஜாப் டிஸ்கிரிப்ஷன் வையுங்கள். அதில் லாக் பண்பு 4, 0, *செக்லெவல் என்றும், சிஎல் கட்டளைகளைப் பதிவு செய்யும் பண்பு *யெஸ் என்றும் இருக்கட்டும். அப்போது ஜாப் இயல்பாக முடிந்தாலும் முழு ஜாப்லாக் எஞ்சும். கேள்விப் பதில் பண்பை *ஆர்க்யூடி ஆக்கி, கேள்வி எழும்போது ஜாப் காத்திருக்கும்படி விடுங்கள். காத்திருக்கும் ஜாப், வொர்க்-ஆக்ட்-ஜாப் திரையில் எம்எஸ்ஜிடபிள்யூ என்று காட்டும். கோப்பை வளர்த்துவிட்டு அதே இடத்திலிருந்து தொடர முடியும். விழுந்த ஜாப்பைத் தொடர முடியாது. இரவில் ஆளில்லாத இடங்களில் ஸ்டார்ட்-டபிள்யூசிஎச் கட்டளையால் சிபிஏ 5305, சிபிஏ 0701 போன்ற செய்திகளைக் கண்காணித்து, வந்தவுடன் அழைப்புப் பணியில் உள்ளவருக்குத் தகவல் போகும்படி ஒரு சிறு புரோகிராமை இணைக்கலாம்.

எங்கள் சரக்கிருப்பு ஜாப்பில் மூன்று மாற்றங்கள் செய்தோம். வரலாற்றுக் கோப்பின் எல்லையை நீக்கினோம். கேள்விப் பதிலை *ஆர்க்யூடி ஆக்கினோம். இருப்பைக் கழிப்பதையும் வரலாற்றை எழுதுவதையும் ஒரே கமிட்டுக்குள் கொண்டுவந்து, ஏற்கெனவே வரலாற்றில் உள்ள சீட்டு எண்ணைத் தாண்டிச் செல்லும் ஒரு சோதனையைத் தொடக்கத்தில் சேர்த்தோம். ஆபரேட்டரின் மேசையில், மீண்டும் சமர்ப்பிக்கும் முன் நிரப்ப வேண்டிய ஒரு தாளும் இருக்கிறது. அதில் நான்கு கட்டங்கள்தான்: ஜாப்பின் ஆறு இலக்க எண், முடிவுக் குறியீடு, முதல் எஸ்கேப் செய்தியின் எண், கடைசியாகப் பதிவான சீட்டு எண்.